கிளச்சைத் தேடிப் போன கால்

எங்கள் ஊரில் ஒரே வருஷத்தில் மூன்று விஷயங்கள் நடந்தன. ஐப்பசி மழை ஐப்பசியிலேயே பெய்தது, எம்.எல்.ஏ. சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார், இஸ்ரவேல் வாத்தியாருடைய இடது கால் தினமும் காலை ஒன்பதரைக்குத் தனியாக வீட்டை விட்டுக் கிளம்பி, கடைத்தெரு வழியாக நடந்து, ரயில்வே மேம்பாலத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தது. இந்த மூன்றில் எதை நம்புவது கஷ்டம் என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் எம்.எல்.ஏ. வந்ததைத்தான் சொல்வார்கள். நான் அந்தக் காலை ஏழு மாசம் பார்த்தவள். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற முப்பிடாதி என்றால் யாருக்கும் தெரியும்; என் கடை வாசலில் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் வாத்தியார் வீட்டு கேட்டும் அந்தப் பக்கம் பாலத்தின் ஏற்றமும் தெரியும், நடுவில் போகிற வருகிற எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. ஒற்றைக் கால் எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. நடந்தது, அவ்வளவுதான்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். முப்பத்தோரு வருஷம் ஒரே வெள்ளைக் காரை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற அத்தனை பேருக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், மீன் வண்டி ஓட்டுகிறவன், நான், எல்லாருக்கும். அந்தக் காரில் பழகுகிறவர் வலது பக்கம் உட்காருவார், வாத்தியார் இடது பக்கம் உட்காருவார், அவர் காலடியிலும் தனியாக ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். நாம் எங்கே தப்புச் செய்கிறோமோ அங்கே அவர் கால் மிதித்துச் சரிசெய்துவிடும், நமக்கு நாமே சரியாக ஓட்டினதுபோல இருக்கும். அடுத்தவர் செய்த தப்பைச் சத்தமில்லாமல் தன் தலையில் போட்டுக்கொண்டு முப்பத்தோரு வருஷம் பழகின கால் அது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் பரீட்சை என்றால் பாலத்தில்தான். ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய், பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு வருவார். வண்டியைப் பின்னால் ஒரு அங்குலம் நழுவவிடாமல் கிளச்சைப் பாதியில் பிடித்து மேலே ஏற்ற வேண்டும். பழம் நசுங்காமல் இருந்தால் பாஸ், அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம். நசுங்கினால் மறுநாள் இன்னொரு பழம் வாங்கி வர வேண்டும். எனக்குப் பதினான்கு பழம் ஆயிற்று. அவரிடம் ஒரு மர ஸ்கேலும் உண்டு. ஏற்றத்தில் நிற்கும்போது இடது கையைக் கியரை விட்டு எடுத்தால் மணிக்கட்டில் சுளீரென்று விழும். "இந்தக் கை கியருக்குக் குடுத்த கை. வண்டி ஏத்தத்துல நிக்கும்போது கடவுளே வந்து கேட்டாலும் இதைக் குடுக்காதீங்க," என்பார். எனக்கு இடது மணிக்கட்டில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது.

அவர் மனைவி பாக்கியத்தாய். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று சொல்வோமே, அப்படி. அந்த வெள்ளைக் காரில் அவள் முன் சீட்டில் போகும்போதெல்லாம் இரண்டு காலையும் மடக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டுதான் போவாள், சர்ச்சுக்குப் போனாலும் சரி, நாகர்கோவிலுக்குப் போனாலும் சரி. கீழே கிளச்சும் பிரேக்கும் இருக்கிறது, தெரியாமல் மிதித்துவிடுவாய் என்று கல்யாணமான புதுசில் அவர் ஒரு தடவை சொன்னார், அதோடு சரி. முப்பது வருஷமாகக் கால் மரத்துப்போய்த்தான் இறங்குவாள், இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே நிற்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு காலை பத்து மணிக்கு அவளுக்கு நெஞ்சு வலித்தது. வாத்தியார் காரில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாலத்து ஏற்றத்தில் சிமெண்டு லாரி ஒன்று நின்றுபோய்ப் போக்குவரத்து அடைத்துக்கிடந்தது. நகர்ந்து நகர்ந்து போகிற அந்த இடத்தில், ஊருக்கே ஏற்றம் சொல்லிக்கொடுத்தவருடைய வண்டி நின்றுபோயிற்று, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நாலாவது தடவை கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். எங்கேயும் நிற்காமல் போய்ச் சேர்ந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றுகூட டாக்டர் சொன்னார். வாத்தியார் அதைக் காதில் வாங்கவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் இடது முழங்காலைக் குத்திக் குத்திக் காட்டி, "இந்தக் கால்தான் ஏமாத்திருச்சு, கிளச்சை விட்டுருச்சு, இந்தக் கால்தான் அவளைக் கொன்னுருச்சு," என்றார். பதினோரு மாசம், வந்தவர்கள் போனவர்கள் எல்லாரிடமும், அந்தக் கால் கேட்கக் கேட்க அதையே சொன்னார். ஸ்கூலை மூடினார், வெள்ளைக் காரை விற்றார்.

மகள் ஷீபா ஓசூரில் வேலை பார்க்கிறாள். அப்பா தனியாக இருக்கிறார், அவசரத்துக்கு ஒரு வண்டி வேண்டும், ஏற்றத்தில் நிற்காத வண்டியாக வேண்டும் என்று அவளே ஒரு சாம்பல் நிறக் காரை வாங்கி வீட்டு வாசலில் இறக்கினாள். கிளச்சே இல்லாத, தானாகக் கியர் மாற்றிக்கொள்கிற கார். கம்பெனிப் பையன் சாவி என்று ஒன்றை அவர் கையில் வைத்தான். கறுப்பாக, தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பல்லு எங்க தம்பி?" என்று கேட்டார். "பல்லெல்லாம் கிடையாது சார். இது உங்க பையில இருந்தா போதும், வண்டிக்கு நீங்க வந்தது தெரியும்," என்றான் அவன். நாங்கள் ஏழெட்டுப் பேர் கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். வாத்தியார் உள்ளே உட்கார்ந்து, பையில் சாவி இருக்க, வலது கையால் ஸ்டியரிங்குக்குக் கீழே துவாரத்தைத் தேடினார். துவாரம் இல்லை. விரல் மட்டும் காற்றில் ஒரு முறை திரும்பியது.

அந்தச் சாவிக்கு அவர் பழகவே இல்லை என்று சொல்ல முடியாது. அதைப் பையில் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போனாலே கார் இரண்டு பக்கமும் விளக்கைச் சிமிட்டிக் கண்ணாடிக் காதுகளை விரித்துக்கொள்ளும். முதலில் திடுக்கிட்டார். பிறகு கடைக்குப் போனாலும், பால் வாங்கப் போனாலும், திரும்பி வரும்போது வேண்டுமென்றே கார்ப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அது கண் சிமிட்டினதும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போவார். வீட்டில் வந்துட்டீங்களா என்று கேட்க ஆள் இல்லாதவர், என்ன செய்வார்.

முதல் நாள் இன்னொன்றும் செய்தார். இடது பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, முன் சீட்டின் கீழே கையைவிட்டுத் துழாவிப் பார்த்தார். அங்கே கிளச்சும் இல்லை, பிரேக்கும் இல்லை, வெறும் ரப்பர் விரிப்பு. "ஒண்ணுமே இல்ல. காலை நல்லா நீட்டிக்கிடலாம்," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு அந்தச் சீட்டைப் பின்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தார்.

ஓட்டிப் பார்த்தபோதுதான் வந்தது வினை. பக்கத்தில் ஷீபா, பின்னால் கம்பெனிப் பையன். தெரு முனையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது, வாத்தியாருடைய இடது கால் முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் கிளச்சென்று நினைத்து முழு பலத்தோடு ஒன்றை மிதித்தது, அது பிரேக். கார் ஆணி அடித்ததுபோல நின்றது, ஷீபாவுக்கு நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் அந்தக் காரில் பின் சீட்டை விட்டு முன்னால் வரவில்லை. தபால் ஆபீஸ் வாசலில் மறுபடியும் அதே கதை, மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் மறுபடியும். கையும் சும்மா இருக்கவில்லை. கியர் மாற்றப் போய், பி, ஆர், என், டி என்று நாலு எழுத்தைத் தடவிவிட்டு வேலையில்லாமல் திரும்பி வந்தது. கடைசியில் கம்பெனிப் பையன் பின்னாலிருந்து எட்டி, நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், பாவம். "சார், இனிமே உங்களுக்கு வலது கால் மட்டும்தான். இடது காலை மறந்துருங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு நினைச்சுக்கோங்க."

கால் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஷீபா ஓசூருக்குப் பஸ் ஏறின மூன்றாம் நாள், காலை ஒன்பதரைக்கு, வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது அது இடுப்பிலிருந்து கழன்று, செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டைத் தள்ளித் திறந்து வெளியே வந்தது. வலி இல்லை, ரத்தம் இல்லை, சட்டைப் பொத்தானைக் கழற்றினது மாதிரி இருந்தது என்று பிறகு அவரே சொன்னார். என் கடை வாசலைத் தாண்டிப் போயிற்று. நான் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு, கணுக்காலில் கறுப்புக் காய்ப்பு, பார்த்தவுடனே வாத்தியார் கால் என்று தெரிந்துவிட்டது. பாலத்து ஏற்றத்தில், அன்றைக்கு வண்டி நின்ற அதே இடத்தில், கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றது. அங்கே நின்றுகொண்டு மிதித்தது, விட்டது, மிதித்தது, பாதியில் பிடித்தது, விட்டது. நாலு மணிக்குத் திரும்பி வந்து அவர் இடுப்பில் ஒட்டிக்கொண்டது.

முதல் வாரம் கொஞ்சம் பேச்சாகத்தான் இருந்தது. பெண்பிள்ளைகள் நடமாடுகிற தெருவில் ஒரு ஆம்பளைக் கால் தொடைவரைக்கும் திறந்துபோட்டுக்கொண்டு போவது நன்றாகவா இருக்கிறது என்று சிலர் முகம் சுளித்தார்கள். டெய்லர் மகாராஜன் மறுநாளே ஒற்றைக் கால் பேண்ட் ஒன்று தைத்து, மேலே நாடா வைத்துக் கொடுத்துவிட்டான், அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. பாலத்துப் பக்கம் போகிற டவுன் பஸ் கண்டக்டர் அதற்காக ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்தார், அது ஏறவில்லை, நடந்தே போவேன் என்று இருந்தது, சரி என்று விட்டுவிட்டார். கோயில் சப்பரம் எதிரே வந்த அன்றைக்கு ஓரமாக ஒதுங்கி நின்று, போனதும் கிளம்பியது. சர்ச் போதகரான சபை ஐயரிடம், உடம்பில்லாமல் கால் மட்டும் சர்ச்சுக்குள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை பூராவும் யோசித்துவிட்டு, வந்தால் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள் என்றார். லைசன்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து, ஒற்றைக் காலோடு இவர் கார் ஓட்டலாமா என்று புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தானாகக் கியர் மாறுகிற வண்டிக்கு இடது கால் வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். அதுதான் அந்தக் காரில் இருந்த வசதி. கால் போன நேரத்தில் வாத்தியார் கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு தத்தித் தத்திக் காருக்குள் ஏறிவிட்டால் போதும், பொத்தானை அழுத்தினால் கிளம்பும், வலது கால் ஒன்றே போதும், பிரேக்கைத் தப்பாக மிதிக்க ஆள் இல்லை. கால் போன பிறகுதான் அவர் அந்தக் காரை ஒழுங்காக ஓட்டினார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம்.

இரண்டு மாசத்தில் அது எங்களுக்கு ஊர்க் கடிகாரம் ஆகிவிட்டது. வாத்தியார் கால் போயிருச்சு, அடுப்பில் உலையை வை என்பார்கள். யாரும் அதைக் கேலி செய்யவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். பாலத்தில் போகிற வண்டிக்காரர்கள் எல்லாரும் அந்தக் காலிடம் கிளச்சு படித்தவர்கள். அது நிற்கிற இடம் வந்ததும் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் யாரும் நின்று என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. எங்களுக்குத்தான் காரணம் தெரியுமே. மூன்று தடவை வண்டியை நிறுத்தின கால், அந்தப் பாவத்தைக் கரைக்கிறது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அப்புறம்தான் அது திரும்பி வருகிற நேரம் தள்ளிப்போக ஆரம்பித்தது. நாலு மணி ஐந்தாயிற்று. தை மாசத்தில் ஐந்தரை ஆயிற்று. மாசியில் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் வந்தது, வந்து ஒட்டிக்கொண்டாலும் முன்னைப்போல் இறுக்கமாக இல்லை, நடக்கும்போது தொளதொளவென்று ஆடுகிறது என்றார் வாத்தியார். வெளியே போகிற கால் ஒரு ராத்திரி வெளியிலேயே தங்கிவிட்டால் பிறகு உடம்பில் ஒட்டாது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்டால் தெரியாது. ஐயர் ஜெபம் பண்ணினார். ஷீபாவுக்கு நான்தான் போன் போட்டேன். "ஏ பிள்ளே, உங்கப்பா கால் ஒரு நாள் வராமப் போயிரும்போல இருக்கு, நீ வந்து என்னன்னு பாரு." அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். காலையில் கால் கிளம்பும்போது கேட்டைப் பூட்டிப் பார்த்தாள். அது கேட்டுக்கு முன்னால் நின்று ஓயாமல் மிதித்து மிதித்துச் செருப்பே அறுந்துவிட்டது, அதைப் பார்க்கச் சகிக்காமல் அவளே திறந்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கால் வரவில்லை. ஆறு மணி ஆயிற்று, ஆறே கால் ஆயிற்று. நான் கடையை அடைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாத்தியார் காருக்குள் உட்கார்ந்திருந்தார், சாவி பையில், கண் பாலத்துப் பக்கம். ஷீபா பின் சீட்டில் அழுதுகொண்டிருந்தாள். "முப்பிடாதி, நீயும் ஏறு. தேவைப்பட்டா அதைத் தூக்கிட்டு வரணும், இந்தப் பிள்ளைக்குத் தைரியம் கிடையாது," என்றார். நான் முன் சீட்டில் ஏறினேன். சீட்டு அவ்வளவு பின்னால் கிடந்தது, என் கால் எங்கேயும் எட்டவில்லை.

பாலத்து ஏற்றத்தில் அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். இன்னும் வெளிச்சம் இருந்தது. கால் அங்கேதான் நின்றது, செருப்பில்லாமல், பேண்ட் நாடா அவிழ்ந்து தொங்க, மிதித்தது, விட்டது, மிதித்தது. வாத்தியார் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, "வா. பொழுது சாஞ்சிருச்சு. வந்து ஏறு," என்றார். அது கேட்கவில்லை. ஷீபா இறங்கிப் போய் அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "வீட்டுக்கு வா, அப்பா பாவம்," என்றாள். அது கேட்கவில்லை. நான் இறங்கிப் போய் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். நான் ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்குகிறவள். அதைத் தரையை விட்டு அசைக்கக்கூட முடியவில்லை. எங்களுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன, ஆம்புலன்ஸ்காரன் சும்மா வண்டியோடு, மீன் வண்டி, செங்கல் லோடு, வேன், இரண்டு பஸ். தெரியாத ஊர்க்காரர்கள் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

வாத்தியார் கதவுக்கு வெளியே சாய்ந்து, அந்தக் காலைப் பார்த்து, சத்தமாக, பழகுகிறவர்களிடம் பேசுகிற அந்தக் குரலில் பேசினார்.

"நீ ஒண்ணும் செய்யல. கேட்டியா, நீ ஒண்ணும் செய்யல. நான் ஊர் பூரா உன் மேல பொய் சொல்லிட்டேன்."

கால் மிதித்துக்கொண்டிருந்தது.

"வண்டி நின்னதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. அதை நான் யார்கிட்டயும் சொல்லல. இந்த இடத்துலதான். அவ சீட்டு மேல காலை மடக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ‘ஏங்க, பயமா இருக்கு, கையக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க’ன்னா. என் கை கியர் மேல இருந்துச்சு. அவளே தன் கையத் தூக்கி என் கை மேல வச்சா." பின்னால் ஹாரன் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தது. "நான் உதறிட்டேன். ‘விடுட்டி, கியர் போடணும்’னு சொல்லி உதறிட்டேன். பழக வந்த பயலுவ கையத் தட்டி விடுற மாதிரி தட்டி விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் என் கை நடுங்குச்சு, கை நடுங்குனதுலதான் கியர் விழல, நீ என்ன செய்வ. நாலாவது தடவ வண்டியக் கிளப்பிட்டுத் திரும்பிப் பாத்தேன். அவ கை மடியில மல்லாந்து கெடந்துச்சு."

ஷீபா குந்தியிருந்த இடத்திலேயே திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"கையக் குடுத்திருந்தா அவ பொழச்சிருக்க மாட்டா. டாக்டர் சொல்லிட்டாரு, எனக்கும் தெரியும். ஆனா அவ தனியாப் போயிருக்க மாட்டா. பக்கத்துல நான் உக்காந்திருக்கேன், அவ தனியாப் போயிட்டா. கை செஞ்சதை நான் உன் தலையில போட்டேன். நீயும் வழக்கம்போல வாங்கிக்கிட்ட."

இதைச் சொல்லிவிட்டு அவர் வாய்விட்டு அழுதார். பாக்கியத்தாய் செத்த அன்றைக்கும் அழாத மனுஷன். கால் மிதிப்பதை நிறுத்தியது. பாதி மிதித்த நிலையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு பாதத்தை மெல்லத் தரையில் வைத்து, திரும்பி, காரைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து, ஏறி, அவர் இடுப்பில் சேர்ந்துகொண்டது. நல்ல வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிட்டது.

அவருடைய இடது கை கியர் பக்கத்தில் கிடந்தது, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல். ஷீபா பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்டவாளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ப்பா," என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்கு அது அம்மா. நான் அந்தக் கையைப் பார்த்தேன். என் மணிக்கட்டில் கோடு போட்ட கை. பிடித்துக்கொண்டேன். அது மரத்துப்போய்க் கிடந்தது, சூடே இல்லை. அவர் வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார், கார் தானாக மேலே ஏறியது. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் வீடு வரைக்கும் யாரும் எங்களை முந்தவில்லை.

கால் அதற்குப் பிறகு வீட்டை விட்டுத் தனியாகப் போனதில்லை. காருக்குள் ஒரு ஓரமாக மடங்கிக்கொண்டு சும்மா இருக்கப் பழகிவிட்டது. இறுக்கமாகத்தான் ஒட்டியிருக்கிறது, வாத்தியார் கட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். ஒன்பதரைக்கு உலை வைக்கிற வீடுகளில் மட்டும் கொஞ்ச நாள் குழப்பமாக இருந்தது.

ஆனால் கார் ஓட்டும்போது அவருடைய இடது கை மடியிலும் இருக்காது, ஸ்டியரிங்கிலும் இருக்காது. நடுவில், பக்கத்துச் சீட்டை ஒட்டி, மல்லாந்து விரிந்து கிடக்கும். அவர் அதை வைப்பதில்லை, அதுவாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஏறுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐயர் சர்ச் வரைக்கும் பிடித்துக்கொண்டு போவார், மீன்காரர் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொள்வார், லைசன்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர்கூடக் கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டார். சீட்டு ரொம்பப் பின்னால் இருக்கிறது, கால் எட்டவில்லை என்று எல்லாரும் முனகுவார்கள், ஒருவரும் அதை முன்னால் இழுத்ததில்லை. ஷீபாவுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. இந்தக் கிறிஸ்மஸுக்கு வந்தபோதுதான் பின் கதவைத் திறந்துவிட்டு, கொஞ்சம் நின்றுவிட்டு, அதைச் சாத்திவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் அடைத்து நின்றன, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் வாத்தியார் கார். ஆராதனை முடிந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்கு அவர் மட்டும் போகிறார்போல, பின் சீட்டில் ஒரு பூக்கூடை இருந்தது. முன் சீட்டில் யாரும் இல்லை. அது அப்படியே கடைசிவரைக்கும் பின்னால் தள்ளிக் கிடந்தது, ஒருவர் இரண்டு காலையும் நன்றாக நீட்டிக்கொள்கிற அளவுக்கு. அவர் கை அந்தச் சீட்டின்மேல் மல்லாந்து கிடந்தது. முன்னால் ஒரு லாரி நகர்ந்தது, பஸ் டிரைவர் பிரேக்கை விட்டதும் எங்கள் பஸ் ஒரு அடி பின்னால் நழுவிப் பிறகு ஏறியது. அந்தக் கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. அவர் உடனே கிளப்பவும் இல்லை. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாரும் ஹாரன் அடிக்கவில்லை, அவர் சீட்டின்மேல் கிடந்த கையின் விரல்களை, ஒரு கையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, மெல்ல மூடினார்.